முப்பதுக்குச் சற்றுக் கீழே

கேலியம் என்றொரு உலோகம்.
முப்பது டிகிரிக்குக் கால் டிகிரி குறைவாக இருக்கும்போதே உருகிவிடும்.
சாதாரண அறையில் திடமாக இருக்கும் என்கிறது கையேடு.
எழுதியவர் சித்திரையில் காட்பாடிக்கு வந்ததில்லை.
பார்சலைப் பிரிக்கும்போதே
குப்பிக்குள் தளும்பிக்கொண்டிருந்தது.

உருகுவதைப் பார்க்க
முதலில் அதை உறைய வைக்க வேண்டும்.
ஐஸ் கம்பெனியிலிருந்து அரைப் பாளம்
உமி ஒட்டிய சாக்கில், மொபெட்டில் வந்தது.
மீனுக்கா என்று கேட்டார்களாம்.
ஆமாம் என்று சொல்லிவிட்டாள் எஸ்தர் பூங்கொடி.

எங்களுக்கு வேண்டியது ஒரு துளை.
எலுமிச்சம்பழம் நுழையும் வாய்.
உள்ளே போகும் கதிர் எதுவும் திரும்பக் கூடாது.
வெளியே வருவதெல்லாம்
அதன் சொந்தச் சூடாக இருக்க வேண்டும்,
இரவல் கூடாது.

ஏனென்றால் ஆஸ்பத்திரி வாசலில்
வெயிலில் நின்ற வரிசையைப் பார்த்த கேமரா
பதினேழு பேருக்குக் காய்ச்சல் என்றது.
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
"கால்லதாம்மா எனக்கு நோவு" என்று
மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கு 'இல்லாத' பட்டியல் ஒன்று உண்டு.
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
எதிரொளி இல்லாத ஓட்டையையும்
சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.
பர்கத்துல்லா சிரிக்கவில்லை.
லேத் ஓடும்போது சிரித்தால் கை ஆடும்.

முதல் துளைக்கு அடி தட்டை.
பிற்பகல் மூன்றரை.
மேற்குப் பார்த்த ஷட்டர் ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது.
முப்பதுக்குக் கீழே நிற்க வேண்டியது
முப்பத்தொன்று என்றது.
குறுக்கே போய் நின்றேன். எண் இறங்கியது.
விலகினேன். ஏறியது.
"உன்ன மாதிரி குளுகுளுன்னு
ஒரு ஆளே கெடையாதுக்கா" என்றாள் எஸ்தர்.
முப்பத்துநாலு டிகிரி முகம்
குளிர்ச்சி என்று பேர் வாங்குவது
எங்கள் ஊர் வெயிலில்தான்.

துளை தன்னைச் சொல்லவில்லை,
எதிரில் இருப்பதைச் சொன்னது.

கருப்பு போதவில்லை என்றார்கள்.
ஆம்பூரிலிருந்து ஷூ விளிம்புக்குப் பூசும் மைகூட வந்தது.
ஆனால் அந்தக் கேமராவுக்கு
நம்முடைய கருப்பு வெள்ளை தெரியாது.
சுண்ணாம்பு அடித்த சுவரும் அதற்கு ஏறக்குறையக் கரி.
பளபளக்கும் எவர்சில்வர் குடம் மட்டும்
எத்தனை கொதித்தாலும்
அடுத்தவர் சூட்டையே காட்டும்.

பர்கத்துல்லா காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
நோன்பு நாள், குரல் வறண்டிருந்தது.
"அடியக் கூம்பாக்கி, கொஞ்சம் ஓரமா சாச்சுடலாம்.
உள்ள போனது எட்டு தடவ முட்டிக்கணும்.
முட்டுக்கு முட்டு கொஞ்சம் செத்துடும்."
செத்துடும்னு சொல்லாதீங்க பாய், என்றேன்.
யோசித்தார்.
"சரி. தங்கிடும்."

நேற்று மூன்றரை. ஷட்டர் அறுபது.
கரண்ட் போய் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
பாதி உருகி, பாதி உருகாமல்
கேலியம் தன் எண்ணில் உட்கார்ந்திருந்தது.
வந்த சூட்டையெல்லாம் வாங்கி
உருகுவதற்கே செலவழித்தது.
29.8.
குறுக்கே போய் நின்றேன்.
29.8.
மிச்சமிருந்த ஐஸைத் தூக்கிக் காட்டினேன்.
எஸ்தர் துப்பட்டாவை விரித்து
ஒரு சுற்றுச் சுற்றினாள்.
29.8.

எங்கள் இருவரையும் அது
கண்டுகொள்ளவே இல்லை.

நோட்டில் மணியை எழுதினேன், எண்ணை எழுதினேன்,
செய்தவர் என்ற கட்டத்தில்
பர்கத்துல்லா, ராணிப்பேட்டை என்று எழுதினேன்.
போன் செய்யலாமா என்றாள் எஸ்தர்.
நோன்பு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.
லேத் சத்தத்தில் கேட்காது என்றேன்.
செய்தோம். கேட்டது.